சர்வரை அப்படியே விட்டுவிடாதீர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர்களுக்கு விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து கேன்களில் பால் வந்து இறங்கும். யார் கொண்டுவந்தது, எத்தனை லிட்டர், என்ன விலை என்று அப்போதே கணக்கில் ஏற்றியாக வேண்டும். நான் போய்ப் பார்த்த ஒரு பட்டறையில் அந்தக் கணக்கு அப்போதுதான் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தது. உரிமையாளர் பழைய நோட்டையும் கைவிடவில்லை. இரண்டிலும் எழுதி ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். லிட்டர் சரியாக இருக்கிறது, விலை சரியாக இருக்கிறது, தேதி மட்டும் உதைக்கிறது.

“நாலு மணிக்கு இறக்குன பாலு எப்படிம்மா நேத்துத் தேதியில போய் உக்காருது? அஞ்சரைக்கு மேல வந்த கேன் மட்டும் ஒழுங்கா இன்னைக்குத் தேதியில இருக்கு” என்று நோட்டை என் முன்னால் விரித்து வைத்தார்.

அவர் சொன்ன அந்த ‘அஞ்சரை’யிலேயே விடை இருந்தது. மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது வாடகைக்கு எடுத்த கிளவுட் கம்ப்யூட்டரில். அப்படிப்பட்ட கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் வரும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. இங்கே காலை ஐந்தரை ஆகும்போதுதான் அங்கே நள்ளிரவு தாண்டிப் புதுத் தேதி பிறக்கும். மென்பொருளை எழுதியவர், நிறுவியவர் என்று யாருமே இது இந்தியாவில் ஓடும் கணக்கு என்று அதை ஓட்டும் சர்வருக்குச் சொல்லவில்லை. யாரும் சொல்லாததால் சர்வர் தான் இருக்கும் இயந்திரத்தின் நேரத்தையே எடுத்துக்கொண்டது. அந்த மென்பொருள் எழுதப்பட்ட ஜாவா மொழியைத் தொடங்கும் கட்டளையில் நேர மண்டலம் ‘ஆசியா/கொல்கத்தா’ என்று ஒரே ஒரு வரி சேர்த்தோம். மறுநாள் முதல் பால் அந்தந்தத் தேதியில் விழுந்தது. அதற்கு முன்னால் ஏறியிருந்த பதிவுகளை நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம்.

ராஜபாளையத்தில் இருந்துகொண்டு இந்த வட்டாரத்து நிறுவனங்களுக்கு இப்படிப்பட்ட மென்பொருள்களை நிறுவித் தருவதும் பராமரிப்பதும் என் தொழில். கோளாறு என்று அழைப்பு வந்து போனால் பல இடங்களில் நிரலில் ஒரு தப்பும் இருக்காது. யாரும் தொடாமல் விட்ட ஏதோ ஒரு டீஃபால்ட்தான், அதாவது நாம் எதுவும் சொல்லாவிட்டால் சர்வர் தானே எடுத்துக்கொள்ளும் அமைப்புதான், காரணமாக இருக்கும். கடை வைத்திருப்பவர்களும், அவர்களுக்கு மென்பொருள் எழுதித் தரும் பிள்ளைகளும் இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எதற்கு இந்த சர்வர்?

கோயம்புத்தூரில் ஒருவர் மொபைலில் அரைக் கிலோ பால்கோவா ஆர்டர் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையின் மென்பொருளுக்குத் தெரிய வேண்டியது பால்கோவா விலை, இருப்பு, கூரியர் கட்டணம் மட்டும்தான். ஆனால் அந்த ஆர்டர் வந்து சேர இன்னும் பல வேலைகள் நடக்க வேண்டும். இணையத்திலிருந்து வரும் கோரிக்கையை வாங்க வேண்டும், ஆர்டர் போட்டவர் யார் என்று நினைவில் வைக்க வேண்டும், டேட்டாபேஸோடு தொடர்பு பிடிக்க வேண்டும், ஒரே நேரத்தில் நூறு பேர் வந்தாலும் பிரித்துக் கவனிக்க வேண்டும். இவை பால்கோவா கடைக்கும் பொது, பேண்டேஜ் கம்பெனிக்கும் பொது, வங்கிக்கும் பொது. இந்தப் பொது வேலைகளை மொத்தமாக எடுத்துச் செய்வதுதான் அப்ளிகேஷன் சர்வர். கல்யாண மண்டபம் மாதிரி என்று சொல்லலாம். கல்யாணம் நம்முடையது, மேடை, சமையற்கட்டு, மின்சாரம், வாட்ச்மேன் எல்லாம் மண்டபத்துடையது.

ஜாவா மொழி 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. அதே நிறுவனத்தில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் தொடங்கிய, ஜாவா மென்பொருளை ஓட்டும் டாம்கேட் சர்வர், 1999இல் அப்பாச்சி அமைப்பின் கைக்குப் போய் எல்லாருக்கும் இலவசமானது. அதே 1999இல் மார்க் ஃபிளூரி தொடங்கிய இன்னொரு சர்வர் ஜேபாஸ். அதை 2006இல் ரெட் ஹேட் வாங்கியது. 2014 முதல் அதன் சமூகப் பதிப்பு வைல்ட்ஃபிளை என்ற பெயரில் வருகிறது. நான் கையாளும் சர்வர்களில் பெரும்பாலானவை டாம்கேட் அல்லது வைல்ட்ஃபிளைதான்.

இந்த ஊர்களில் இதற்கெல்லாம் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. ராஜபாளையம் மில்ஸ் 1936இல் தொடங்கியது. மருத்துவப் பஞ்சுக்கென்றே ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் 1939இல் வந்தது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி மருத்துவமனைகளுக்குப் போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு சின்னக் கடைகளும் கம்ப்யூட்டர் கணக்குக்கு வந்துவிட்டன. இன்னொரு பக்கம் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனமான ஜோஹோ 2011இல் அலுவலகம் திறந்தது. கிருஷ்ணன்கோவிலில் 1984இல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் பல்கலைக்கழகம், ராஜபாளையத்தில் 2013 முதல் ராம்கோ பொறியியல் கல்லூரி. ஜாவா தெரிந்த பிள்ளைகள் எங்கள் தெருக்களிலேயே இருக்கிறார்கள். தேவையும் இங்கே இருக்கிறது, செய்யக்கூடிய ஆட்களும் இங்கேயே இருக்கிறார்கள்.

டீஃபால்ட் ஏன் இருக்கிறது?

டீஃபால்ட் இருப்பது ஒரு உபகாரம். பழைய நாட்களில் ஜாவா சர்வரில் ஒரு சின்னப் பக்கத்தைக் காட்டவே டேட்டாபேஸ் தொடர்பு முதல் செய்தி வரிசை வரை ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, எழுதி, இணைக்க வேண்டியிருந்தது. 2013இல் வந்த ஜாவா ஈஈ 7 தரநிலை அந்தச் சுமையைக் குறைத்தது. டேட்டாபேஸ் தொடர்பு, செய்தி அனுப்பும் தொடர்பு, பின்னணி வேலைகளைச் செய்யும் வேலையாட்கள் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு சர்வரும் ஆயத்தமாக ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. நிரல் எழுதுபவர் ‘எனக்கு ஒரு டேட்டாபேஸ் வேண்டும்’ என்று மட்டும் சொன்னால் போதும், எது என்று சொல்லாவிட்டால் சர்வர் தன்னிடம் இருப்பதைக் கொடுக்கும். முதல் நாளே மாணவரால் ஏதாவது ஓட்டிப் பார்க்க முடிகிறது. நானும் பாடம் சொல்லித் தரும்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

படிக்கிறவருக்காக வைத்த ஏற்பாடு அப்படியே கடைக்கு வந்துவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

மறந்துபோகும் டேட்டாபேஸ்

வைல்ட்ஃபிளையை இறக்கி, ஒன்றையும் மாற்றாமல் ஓட விடுங்கள். நிரல் கேட்கும் டீஃபால்ட் டேட்டாபேஸாக அது கொடுப்பது ‘எக்ஸாம்பிள்டிஎஸ்’ என்ற ஒன்றை. பெயரிலேயே அது உதாரணம் என்று இருக்கிறது. அதன் பின்னால் நிற்பது எச்2 என்ற சின்ன டேட்டாபேஸ். அதன் முகவரியை கான்ஃபிகரேஷன் ஃபைலில் பார்த்தால் நடுவில் ‘மெம்’ என்ற மூன்றெழுத்துச் சொல் இருக்கும். நினைவகம் என்று பொருள். எழுதுவதெல்லாம் கம்ப்யூட்டரின் ரேமில் மட்டும் இருக்கும், டிஸ்கில் ஒரு எழுத்தும் பதியாது.

சர்வர் ஓடிக்கொண்டிருக்கும் வரை வித்தியாசமே தெரியாது. வாடிக்கையாளர் பதிவாகிறார், பில் போடுகிறது, ரிப்போர்ட் வருகிறது. சர்வர் ஒருமுறை நின்று மறுபடி ஓடினால் மேசை துடைத்து வைத்ததுபோல் எல்லாம் காலி. ஒரு இளைஞர் தன் மென்பொருளை விற்பனைக்குக் கொடுக்கும் முன் என்னிடம் காட்ட வந்தபோது நான் முதலில் கேட்டது, “தம்பி, சர்வர நிறுத்திட்டுத் திருப்பி ஓடவிட்டுக் காட்டுங்க” என்பதுதான். அவர் அதுவரை ஏற்றியிருந்த மாதிரிப் பில்கள் ஒன்றுகூடத் திரையில் இல்லை. விற்ற பிறகு தெரிய வேண்டியது விற்கும் முன்பே தெரிந்தது.

இதற்குச் செய்ய வேண்டியது மூன்று வேலை. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போல டிஸ்கில் எழுதும் டேட்டாபேஸ் ஒன்றை நிறுவி, அதற்கான டிரைவரை சர்வரில் சேர்க்க வேண்டும். நம் கடைக்கென்று பெயர் வைத்த ஒரு டேட்டாசோர்ஸை, அதாவது டேட்டாபேஸ் தொடர்பை, உருவாக்க வேண்டும். பிறகு சர்வரின் ‘டீஃபால்ட் பைண்டிங்’ என்ற பகுதியில் எக்ஸாம்பிள்டிஎஸ் இருக்கும் இடத்தில் அந்தப் புதுப் பெயரை எழுதி, உதாரணத்தை நீக்கிவிட வேண்டும். நீக்குவது முக்கியம். அது இருக்கும் வரை என்றைக்காவது ஒரு நிரல் பெயர் சொல்லாமல் கேட்டு அதில் போய் எழுதிவிடும்.

இருநூறு ஆட்கள், எட்டு தொடர்புகள்

டாம்கேட்டில் ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் கவனிக்க அதிகபட்சம் 200 வேலையாட்கள். இதை திரெட் என்போம். யாரும் மாற்றாவிட்டால் அந்த எண்தான். ஆனால் டேட்டாபேஸோடு பேச டாம்கேட் தரும் தொடர்புத் தொகுப்பில், யாரும் மாற்றாவிட்டால், அதிகபட்சம் எட்டே தொடர்புகள். ஒன்பதாவது ஆள் வந்தால் காலியாகும் வரை காத்திருப்பான். எவ்வளவு நேரம்? அதற்கும் யாரும் வரம்பு வைக்காவிட்டால், கிடைக்கும் வரை.

சாதாரண நாளில் இது தெரியவே தெரியாது. தீபாவளி வாரத்தில் தெரியும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் பால்கோவா பார்சல் போகும் நேரம். ஒரு ரிப்போர்ட் மெதுவாக ஓடி எட்டுத் தொடர்புகளையும் பிடித்துக்கொண்டது என்றால், பின்னால் வந்த ஆர்டர்கள் ஒவ்வொன்றும் ஒரு திரெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இருநூறும் தீர்ந்த பிறகு விலைப் பட்டியலைப் பார்க்க வந்தவருக்கும் பக்கம் திறக்காது. கம்ப்யூட்டரின் சிபியூவைப் பார்த்தால் வேலையே இல்லாமல் சும்மா இருக்கும். ‘பெரிய சர்வர் வாங்குங்கள்’ என்று இந்த நேரத்தில் சொல்பவர்கள் உண்டு. பெரிய சர்வரிலும் எட்டு எட்டுதான்.

வைல்ட்ஃபிளையில் கணக்கு வேறு. வேலையாட்களின் உச்ச எண்ணிக்கையை அது சிபியூ கோர் எண்ணிக்கையைப் பதினாறால் பெருக்கி வைத்துக்கொள்ளும். இரண்டு கோர் உள்ள சின்ன சர்வரில் 32 பேர். டேட்டாசோர்ஸுக்கு அளவு எதுவும் சொல்லாவிட்டால் 20 தொடர்புகள், முப்பது விநாடி காத்திருந்தும் கிடைக்காவிட்டால் பிழைச் செய்தி. நான் நிறுவும்போது இரண்டு எண்களையும் அருகருகே எழுதி, டேட்டாபேஸ் எத்தனை தொடர்பு தாங்கும் என்று பார்த்து இரண்டையும் பொருத்துகிறேன். காத்திருப்புக்குக் கட்டாயம் ஒரு வரம்பு வைக்கிறேன். பத்து விநாடியில் ‘சற்று நேரம் கழித்து முயலுங்கள்’ என்று சொல்லிவிட்டால் வாடிக்கையாளர் திரும்ப வருவார். சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்தவர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

திறந்து கிடந்த கதவுகள்

சர்வரோடு சேர்ந்து வரும் எல்லா வசதியும் நமக்குத் தேவைப்படாது. தேவைப்படாததும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். டாம்கேட்டின் பழைய பதிப்புகளில் 8080 என்ற போர்ட் வாசலைத் தவிர 8009 என்று இன்னொரு வாசலும் தானாகவே திறந்திருந்தது. முன்னால் வேறொரு வெப் சர்வரை வைத்திருப்பவர்களுக்கான ஏஜேபி என்ற வழி அது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. 2020 பிப்ரவரியில் ‘கோஸ்ட்கேட்’ என்ற ஓட்டை வெளிவந்தபோதுதான் அந்த வாசல் வழியாக அப்ளிகேஷனின் உள் ஃபைல்களை, கடவுச்சொல் எழுதி வைத்த ஃபைல் உட்பட, வெளியாள் படிக்க முடியும் என்று உலகத்துக்குத் தெரிந்தது. பத்தாண்டுகளுக்கு மேலாக இருந்த ஓட்டை. அதற்கு முன்பு, 2011 அக்டோபரில், பாதுகாப்பில்லாமல் விட்டிருந்த நிர்வாகப் பக்கத்தின் வழியே ஜேபாஸ் சர்வர்களில் ஒரு புழு நிரல் பரவியது. அதன் ஒரு வழியை அடைக்கும் திருத்தம் 2010இலேயே வந்திருந்தது.

தயாரித்தவர்கள் அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார்கள். 9.0.31 பதிப்பிலிருந்து டாம்கேட்டில் அந்த ஏஜேபி வாசல் மூடியே வருகிறது. இன்றைய வைல்ட்ஃபிளையின் நிர்வாக வாசலான 9990 அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்து மட்டும்தான் திறக்கும், நிர்வாகியின் பெயரையும் கடவுச்சொல்லையும் நாமே உருவாக்கினால்தான் உள்ளே போகலாம். ஆனால் வெளியூரிலிருந்து பார்க்க வசதி என்று அதை உலகம் முழுவதற்கும் திறந்து விடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் வெளியே திறந்து வைப்பது பாதுகாப்பான இணையத் தொடர்புக்கான 443 மட்டும். நிர்வாகப் பக்கம், மாதிரிப் பக்கங்கள், உதவிப் பக்கங்கள் என்று மற்ற எதுவும் வெளியாள் கண்ணில் படக் கூடாது.

தமிழில் தேடினால்

எழுத்து விஷயம் எனக்கு மனசுக்கு நெருக்கமானது. ‘பால்கோவா’ என்ற சொல்லை நாம் பா, ல், கோ, வா என்று நான்கு எழுத்தாக எண்ணுகிறோம். யூனிகோடில் ப, கால், ல, புள்ளி, க, ஓகாரக் குறி, வ, கால் என்று எட்டுக் குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், ஆக 24 பைட். டாம்கேட் 7 வரை, இணைய முகவரியில் வரும் சொற்களை சர்வர் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளாகத்தான் படிக்கும். அதில் ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து. தேடல் பெட்டியில் பால்கோவா என்று அடித்தால் உள்ளே போய்ச் சேர்வது 24 கண்டபடி எழுத்துகள். முதல் ‘ப’ மட்டுமே தலையில் கோடு போட்ட ஒரு பிரெஞ்சு எழுத்து, வட்டத்துக்குள் இருக்கும் வணிகமுத்திரை அடையாளம், குட்டியாக மேலே தூக்கிய ஓர் எழுத்து என்று மூன்றாக உடையும். டேட்டாபேஸில் பால்கோவா இருந்தும் ‘அப்படி ஒரு பொருள் இல்லை’ என்று பதில் வரும்.

இதைப் பார்த்துவிட்டு ‘கம்ப்யூட்டருக்குத் தமிழ் ஒத்துவராது’ என்று ஆங்கிலத்துக்குப் போன கடைக்காரர்களை எனக்குத் தெரியும். ஒரு வரியில் யூடிஎஃப்-8 என்று எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். டாம்கேட் 8இல் முகவரிக்கு அதுவே டீஃபால்ட் ஆனது. படிவங்களில் அடிப்பதற்கு அதே நிலை டாம்கேட் 10இல்தான் வந்தது. ஜாவா மொழியே 2022 மார்ச்சில் வந்த 18ஆம் பதிப்பில்தான் எல்லா இயந்திரங்களிலும் யூடிஎஃப்-8ஐத் தன் டீஃபால்ட்டாக எடுத்துக்கொண்டது. பழைய சர்வர்கள் இன்னும் ஓடுகின்றன. தமிழில் பெயர், முகவரி, பொருள் வைத்திருப்பவர்கள் அந்த வரியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

எழுதி வைத்தால்தான் நம்முடையது

மேலே சொன்னவற்றைக் கவனித்தால் ஒன்று தெரியும். டீஃபால்ட் மாறிக்கொண்டே இருக்கிறது. 8009 வாசலை நம்பி வேலை செய்தவர்கள், 2020இல் டாம்கேட்டைப் புதுப்பித்ததும் தளம் நின்றுபோய்த் திகைத்தார்கள். அவர்கள் எதையும் மாற்றவில்லை. தயாரித்தவர்கள் நல்ல காரணத்துக்காக மாற்றினார்கள். அதனால் நான் என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது: சர்வர் கொடுக்கும் எண் உங்களுக்குப் பொருத்தமாகவே இருந்தாலும் அதை உங்கள் ஃபைலில் வெளிப்படையாக எழுதுங்கள். ஏன் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த பதிப்பில் அவர்கள் மனம் மாறினாலும் உங்கள் கடை மாறாது.

எழுதும் இடமும் முக்கியம். டாம்கேட்டை நிறுவிய ஃபோல்டருக்குள்ளேயே திருத்தினால் அடுத்த புதுப்பித்தலில் திருத்தம் போய்விடும். நம் அமைப்புகளைத் தனி ஃபோல்டரில் வைக்க டாம்கேட்டிலேயே வழி இருக்கிறது. வைல்ட்ஃபிளையில் ஒவ்வொரு மாற்றத்தையும் கட்டளையாக எழுதி ஒரு ஃபைலில் சேர்த்து வைத்தால், புது சர்வரில் அதை ஒருமுறை ஓடவிட்டால் போதும்.

கடை உரிமையாளர்களுக்கு ஜாவா தெரிய வேண்டியதில்லை. மென்பொருளைக் கொடுக்க வருபவரிடம் ஐந்து கேள்வி கேட்டால் போதும். சர்வரை நிறுத்தி ஓடவிட்டால் என் கணக்கு இருக்குமா? நள்ளிரவுக்கு மேல் போடும் பில் எந்தத் தேதியில் விழும்? ஒரே நேரத்தில் எத்தனை பேர் வரலாம், அதற்கு மேல் வந்தால் என்ன ஆகும்? வெளியிலிருந்து எந்தெந்த வாசல் திறந்திருக்கிறது, நிர்வாகக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? தமிழில் தேடினால் கிடைக்குமா? பதில்களை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். முதல், இரண்டாவது, கடைசிக் கேள்விகளுக்குக் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள்.

கல்லூரிகளிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு நிரல் எழுதக் கற்றுத் தருகிறீர்கள். அதை ஓட்டும் சர்வரின் கான்ஃபிகரேஷன் ஃபைலை ஒருமுறை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கவும் வையுங்கள். மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளே, சர்வரைத் தயாரித்தவர்கள் நம் ஊர்ப் பட்டறையைப் பார்த்ததில்லை. பால் எத்தனை மணிக்கு இறங்கும், தீபாவளிக்கு எத்தனை பார்சல் போகும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதை சர்வருக்குச் சொல்லும் பொறுப்பும் உங்களுடையதுதான்.